இருபத்து மூன்றாம் துளை

தீர்த்தகிரிக்கு இடது காது கேட்காது. பதினெட்டு வயதில் போர் போடும் ரிக் வண்டியில் ஏறியவர், ஓயாமல் இரைகிற கம்பிரசரை ஒட்டியே பத்துப் பன்னிரண்டு வருடம் நின்றார். ஒருநாள் பார்த்தால் காது போயிருந்தது. மல்லசமுத்திரம் பக்கத்தில் அவருடைய ஊரில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பேச வேண்டியவர்கள் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வண்டி போன இடமெல்லாம் போனார். நாற்பத்திரண்டு வயதில் வேலை மாறியது. மனைவி கலைமணியின் தம்பி ஜெகதீஸ்வரன் தண்ணீருக்குப் போர் போடுவதை விட்டுவிட்டு, அணைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் அடியில் பாறை எப்படி இருக்கிறது என்று பார்க்கும் இயந்திரங்கள் இரண்டை வாங்கினான். "மாமா, எனக்கு உங்க கை வேணுமுங்க" என்று கூப்பிட்டான். தீர்த்தகிரி போனார்.

தண்ணீருக்குத் துளை போடுகிறவன் பாறையை நொறுக்கிப் புழுதியாக மேலே ஊதிவிடுவான். இந்த வேலையில் பாறையை நொறுக்கக் கூடாது. கரும்புத் துண்டு மாதிரி உருளையாக, உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கோர் என்று பெயர். வைரம் பதித்த பிட் மெல்லச் சுற்றிக்கொண்டு இறங்கும். உள்ளே விடும் தண்ணீர் அரைத்த பொடியைச் சுமந்துகொண்டு மேலே வரும். அந்தத் தண்ணீரின் நிறத்தையும் இயந்திரத்தின் பிடியில் வைத்த கையின் அதிர்வையும் கொண்டு தீர்த்தகிரி கீழே இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. சத்தீஸ்கரில் ஒருமுறை, கீழே பொந்து இருக்கிறது, பிட்டைச் சுமந்து இறங்கும் ராடு மாட்டிக்கொள்ளும் என்று இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பாதி நாள் வேலை கெட்டது. பார்த்தால் பொந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜெகதீஸ்வரன் அதை உறவுக்காரர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வான். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன வருடம் அவர்கள் போன இடம் ஓர் அணுமின் நிலையம். வேறு மாநிலம், கடலோரம். அணு உலைக் கட்டடத்துக்காக ஐந்து மாடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். வெடி வைத்து, தோண்டி, அள்ளியெடுத்த பிறகு பள்ளத்தின் தரையைக் காற்றடித்தும் தண்ணீர் பீய்ச்சியும் வெறும் பாறையாகத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் அதன்மேல் முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு விரிசலையும் அளந்து வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தாள். ஷாஹீன் என்று பெயர். நிலவியல் படித்தவள். அடித்தள ஆய்வு அவள் பொறுப்பு. இந்தப் பாறை கட்டடத்தைத் தாங்கும் என்று அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் கான்கிரீட் விழலாம். விழுந்துவிட்டால் அந்தப் பாறையை அதன்பிறகு எவரும் பார்க்கப் போவதில்லை.

இரண்டாம் நாளே அவள் கேட்டாள். "அண்ணே, நீங்க எந்த ஊரு? பேச்சு நம்ம பக்கமா இருக்கே."

"மல்லசமுத்திரமுங்க மேடம்."

"எனக்கு சூரமங்கலம். எங்க அத்தா ரயில்வேல இருந்தாரு."

அதன்பிறகு அவள் தினமும் தீர்த்தகிரியின் இயந்திரத்துக்கு அருகே வந்து கொஞ்ச நேரம் நிற்பாள். கோர் வெளியே வந்ததும் கையில் வாங்கிப் பார்ப்பாள். சில சமயம் நாக்கு நுனியால் தொட்டும் பார்ப்பாள்; கனம் தாங்காத களி கலந்திருந்தால் நாக்கில் ஒட்டுமாம். அவர் அதை அதிசயமாகப் பார்ப்பார்.

பள்ளத்தின் தரையில் மொத்தம் இருபத்து நான்கு துளைகள். இருபத்தொன்று முடிந்திருந்த நேரத்தில் ஷாஹீனின் தகப்பனாருக்குக் கண் அறுவை சிகிச்சை. அவள் இரண்டு வார விடுப்பில் சேலம் கிளம்பினாள். மிச்சமுள்ள மூன்று துளைகளின் கோர்ப் பெட்டிகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்றாம் துளை தென்மேற்கு மூலையில். காலையிலிருந்தே பிட் தேய்ந்திருப்பது தீர்த்தகிரிக்குத் தெரிந்தது. இந்தத் துளை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். மூன்றரை மீட்டர் ஆழத்தில், கை திடீரென்று லேசானது. ராடு ஒரு சாண் அளவுக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. மேலே வந்த தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றுபோய், மறுபடி வந்தபோது சாம்பல் நிறத்தில் இல்லை. மஞ்சளாக, குழைவாக வந்தது. பிறகு பழையபடி சாம்பலானது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஒன்றரை மீட்டருக்கு இருக்க வேண்டிய கோர் ஒரு மீட்டரும் கொஞ்சமும்தான் இருந்தது. நடுவில் ஒரு முழம் காணோம். காணாமல்போன இடத்துக்கு மேலேயும் கீழேயும் இருந்த துண்டுகளின் முனையில் களி ஒட்டியிருந்தது. விரலில் சோப்பு மாதிரி வழுக்கியது.

கட்டட ஒப்பந்தக்காரர் தரப்பில் அன்று நின்ற பொறியாளர் இளவழகன். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தேழு வயது. தீர்த்தகிரி அவனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க களி இருக்குதுங்க தம்பி. ராடு சும்மா எறங்குச்சு. தண்ணியும் மஞ்சளா வந்துச்சு."

இளவழகன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனான். அரை மணி நேரம் யாரிடமோ பேசிவிட்டு வந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது.

"அண்ணே, பிட்டு தேஞ்சிருக்குன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேனுங்க."

"தேஞ்ச பிட்டுல கோர் அரைஞ்சி போவுமா, போவாதா?"

"போகுமுங்க."

"அப்ப அதான். ஓட்டுனதுல போச்சுன்னு எழுதிடலாம். பாறை நல்லாத்தான் இருக்கு."

தினசரித் தாளில் அதற்கென்றே இரண்டு கட்டங்கள் உண்டு. கோர் காணாமல்போனது ஓட்டியவரின் தவறாலா, பாறையே மோசமாக இருந்ததாலா என்று ஒன்றில் குறியிட வேண்டும். பாறை என்று குறியிட்டால் அந்த மூலை முழுவதையும் மறுபடி துளைத்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் போட நாள் குறித்தாகிவிட்டது. ஓட்டியவர் என்று குறியிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது.

இளவழகன் குறியிட்டு நீட்டினான். தீர்த்தகிரி கையெழுத்துப் போட்டார். முப்பது வருடமாக நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர் அவர். அன்றைக்குக் கை தயங்கியதா என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தார். தயங்கியதாக நினைவில்லை. ஒருவேளை நாம்தான் அரைத்துவிட்டோமோ என்ற எண்ணம் அப்போது வசதியாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது இளவழகன் அந்த இரண்டு துண்டுகளையும் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தான்.

கடைசித் துளையும் முடிந்து ஊருக்கு வந்தார். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கலைமணி பரிமாறிய தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அந்தக் கை லேசானது அவருக்கு மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. தேய்ந்த பிட் அரைத்திருந்தால் கை கனத்திருக்கும், நடுங்கியிருக்கும். லேசாகியிருக்காது. இது ஒரு பக்கம். சத்தீஸ்கர் இன்னொரு பக்கம்.

வெள்ளிக்கிழமை ஜெகதீஸ்வரன் போன் செய்தான். "மாமா, நல்ல சேதிங்க. திங்கக்கெழம அந்த மேடம் கையெழுத்துப் போட்டுருவாங்களாம். புதன்கெழம கான்கிரீட்டு. அடுத்த உலைக்கும் நம்ம மிஷினையே கேக்கறாங்க."

"சரி மாப்ள" என்றார். அந்த மூலையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டார். "சேலம் வரைக்கும் போய்ட்டு வாரேன்."

"ஏனுங்க, என்ன சோலி?" என்று கேட்டாள் கலைமணி.

"ஒருத்தரப் பாக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டையாம்பட்டி வழியாகப் பேருந்தில் போய், டவுன் பஸ் மாறி, சூரமங்கலத்தில் இறங்கினார். ரயில்வே ஆபீஸுக்குப் பின்னால் என்று ஷாஹீன் எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு இரண்டு கடைகளில் விசாரித்தார். கதவைத் திறந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். பரக்கத் அலி, ஷாஹீனின் தகப்பனார். கண் சரியாகத் தெரியாததால் யாரென்று கேட்டு, ஊரைச் சொன்னதும், "மல்லசமுத்திரத்து அண்ணனா? பாப்பா சொல்லியிருக்கா, உள்ள வாங்க" என்றார். அந்த வரவேற்பு தீர்த்தகிரியை இன்னும் கூசவைத்தது.

ஷாஹீன் மேஜைமேல் கணினியை விரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ராடு எறங்குனப்ப மிஷின் சத்தம் மாறுச்சா?"

"சத்தம் எனக்குச் சரியாத் தெரியாதுங்க. கைதான் லேசாச்சு."

"தண்ணி மொதல்ல நின்னுச்சா, நெறம் மாறுச்சா?"

"மொதல்ல நின்னுதுங்க. பொறவு மஞ்சளா வந்துது."

"பிட்டு நெஜமாவே தேஞ்சிருந்துச்சா?"

"ஆமாங்க. அது பொய் இல்லீங்க."

அவள் கணினியில் இருபத்து மூன்றாம் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கினாள். வெகு நேரம் பார்த்தாள். "மத்த எல்லாப் பெட்டியிலயும் துண்டுங்க புழுதியோட இருக்கு. இதுல மட்டும் ரெண்டு துண்டு பளிச்சுன்னு இருக்கு. நேத்து ராத்திரிகூட இதப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தோணல" என்றாள். பிறகு தினசரித் தாளைத் திறந்தாள். "கீழ இருக்கற கையெழுத்து யாரோடது?"

"என்றதுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. "நான் அந்த மூலையில நிக்க முடியாத நாலு நாள்ல நீங்கதாண்ணே எனக்குக் கண்ணு. உங்க தாள நம்பித்தான் திங்கக்கெழம கையெழுத்துப் போட இருந்தேன்."

தீர்த்தகிரி தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து பரக்கத் அலி டீ வேண்டுமா என்று கேட்டார். ஷாஹீன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"வாயால சொன்னா ஆகாது. எழுதித் தரணும்" என்றாள் ஷாஹீன். "தெரிஞ்சேதான் தப்பான தாள்ல கையெழுத்துப் போட்டேன்னும் எழுதணும். அத எழுதினா உங்களுக்கு அங்க வேலை இருக்காது. யோசிச்சுக்குங்க."

அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். எட்டாவது வரை படித்தவர். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 'தெரிந்தே' என்ற சொல்லை எழுதுமுன் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுதினார்.

ஷாஹீன் அங்கேயே உட்கார்ந்து மேலதிகாரிகளுக்கு எழுதி, கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னாள். அவரையும் பள்ளத்துக்கு வரச் சொன்னாள். எந்த இடம் என்று அவர் கைகாட்ட வேண்டும்.

மறுபடி துளைக்க வேறொரு நிறுவனத்தின் இயந்திரம் வந்தது. ஓட்டியவர் ஆந்திரக்காரர். தீர்த்தகிரி இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று, இன்னொருவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அதுவரை பழக்கமில்லாத வேதனை. அந்தக் கை கனக்கிறதா, லேசாகிறதா என்று எட்ட நின்று தெரியாது.

பழைய துளைக்கு ஒரு மீட்டர் கிழக்கே முதல் துளை. கோர் முழுசாக, ஒரு விரிசல்கூட இல்லாமல் வந்தது. மேற்கே இரண்டாவது துளை. அதுவும் முழுசு. பெட்டியில் அடுக்கியபோது கடைசலில் கடைந்ததுபோல் பளபளத்தது.

அன்று சாயங்காலம் ஜெகதீஸ்வரன் வந்து சேர்ந்தான். இரண்டு ரயில் மாறி வந்தவன், முகம்கூடக் கழுவாமல் அவர் எதிரே வந்து நின்றான்.

"சத்தீஸ்கர்ல ஆனது மறந்துபோச்சுங்களா மாமா? அன்னைக்கு அரை நாளு. இன்னைக்கு என்ற பொழப்பையே நிறுத்திப் போட்டீங்களே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாமுல்ல?"

"சொன்னா நீ போவ வேண்டாம்னுருப்ப மாப்ள."

"ஆமா, சொல்லியிருப்பேன். அக்காகிட்டயாவது சொன்னீங்களா?"

தீர்த்தகிரி இல்லை என்று தலையாட்டினார். அன்று அவரே கிட்டத்தட்ட நம்பிவிட்டார், தன் கை பொய் சொல்லியிருக்கிறது என்று. இல்லாத களிக்காக இத்தனை பேரைக் கலைத்துப்போட்டோமே என்று தங்குமிடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஷாஹீன் மறுநாள் காலையில் தன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். தென்மேற்கு மூலையில் ஒரு மெல்லிய விரிசலின் அருகே முழங்காலிட்டு வெகு நேரம் இருந்தாள். தலைமுடி கனத்துக்கு இருந்த விரிசல் அது. திரும்பி வந்து தீர்த்தகிரியிடம் சொன்னாள்: "இதச் சாதாரண விரிசல்னு நான்தான் வரைஞ்சு வச்சிருக்கேன். கீழ போகப் போக இது அகலமாகுதோ என்னவோ. செங்குத்தா எறங்குச்சுன்னா, நேராப் போடற துளை பக்கத்துலயே போனாலும் அதத் தொடாது. சாய்ச்சுப் போட்டுப் பாக்கணும்."

இன்னும் ஒரு துளை என்றதும் ஒப்பந்தக்காரர் தரப்பில் பெரிய சண்டை. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சாய்த்துப் போட்ட துளையில், மறுநாள் பதினொரு மணிக்கு ஆந்திரக்காரர் திடுக்கிட்டுப் பிடியிலிருந்து கையை எடுத்தார். எல்லைக் கயிற்றுக்கு இப்பால் நின்ற தீர்த்தகிரிக்கு அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது. மேலே வந்த தண்ணீர் நின்று, மஞ்சளாக வந்தது. இந்த முறை களி போகாமல் பிடிக்கும் குழாயை மாட்டியிருந்தார்கள். திறந்து பார்த்தபோது பாறைக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் களி, அப்படியே இருந்தது.

அதைத் தொடர்ந்து தோண்டினார்கள். பதினொரு மீட்டர் நீளத்துக்கு அந்தக் களி பாறையைப் பிளந்துகொண்டு மூலைக்கு அடியில் ஓடியது. முழுவதையும் தோண்டியெடுத்து, கழுவி, கான்கிரீட்டால் அடைத்து, மறுபடி சோதித்து முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. அதன்பிறகு ஷாஹீன் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கு முன்பே தீர்த்தகிரி அங்கிருந்து கிளம்பிவிட்டார். கிளம்பும் நாள் அவளிடம் கேட்டார்: "அத அப்படியே உட்டுருந்தா என்னாயிருக்குமுங்க மேடம்?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "ஒண்ணும் ஆகாமலேயே போயிருக்கலாம். மேல வர்ற கான்கிரீட்டு அவ்வளவு கனம். இல்ல, முப்பது வருஷம் கழிச்சு ஒரு நடுக்கத்துல அந்த மூலை மட்டும் கொஞ்சம் எறங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாதுண்ணே. தெரியாததத் தெரியும்னு எழுதக் கூடாது, அவ்வளவுதான்."

பெரிய தவறு நடக்க இருந்தது, அதைத் தடுத்துவிட்டோம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லும்படியான பதிலாக அது இல்லை.

விசாரணையில் இளவழகன் வேலையை விட்டு நீக்கப்பட்டான். போனில் அவனிடம் பேசியவர் யார் என்பதை அவன் சொல்லவில்லை, அல்லது சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவன் தீர்த்தகிரியைப் பார்த்து, "நீங்க அன்னைக்கே போடமாட்டேன்னு சொல்லியிருந்தா நானும் தப்பிச்சிருப்பேண்ணே" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. தவறான தாளில் கையெழுத்துப் போட்டவர் என்று தீர்த்தகிரிக்கும் அந்த வளாகத்தில் இனி இடமில்லை என்று ஆனது. ஜெகதீஸ்வரனின் இயந்திரங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த உலைக்கான வேலை வேறு யாருக்கோ போனது.

ஊரில் முதலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கலைமணிதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள், அதுவும் தம்பியின் வாயிலிருந்து. ஆவணி மாதம் ஜெகதீஸ்வரன் கொண்டப்பநாயக்கன்பட்டியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனான். கூடப்பிறந்தவள்தான் பால் காய்ச்ச வேண்டும். பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. நேரில் யாரும் வரவில்லை. கலைமணி பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டு நாள் வைத்திருந்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தாள். பால் காய்ச்சியது ஜெகதீஸ்வரனின் மச்சினி என்று உறவுக்காரர்கள் வந்து சொன்னார்கள்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், அவள் அவருடைய வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தக் குழியில என்னதான் ஆச்சு? என்ற தம்பி சொன்னது வேண்டாம். நீங்க சொல்லுங்க."

தீர்த்தகிரி எல்லாவற்றையும் சொன்னார். கை லேசானது, தண்ணீர் மஞ்சளானது, கழுவிய துண்டுகள், சூரமங்கலத்தில் எழுதிக் கொடுத்தது.

"பொய்க் கையெழுத்துன்னு தெரிஞ்சு போய்ச் சொன்னீங்க. அது செரிதானுங்க" என்றாள் கடைசியில். "ஆனா சேலம் வரைக்கும் போய் அந்தப் புள்ளைகிட்டச் சொல்ல மனசு வந்துது. அஞ்சு நாளு ஊட்டுல உக்காந்திருந்தீங்களே, எங்கிட்டச் சொல்ல வரலீங்களா? நான் தம்பி பக்கந்தான் நிப்பேன்னு நெனச்சுட்டீங்க."

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். "தப்புத்தான் கலைமணி" என்றார்.

அவள் எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவப் போட்டாள்.

தீர்த்தகிரிக்கு இப்போது பள்ளிபாளையத்தில் வேலை. காவிரியில் ஒரு புதிய பாலத்தின் தூண்களுக்குப் பாறை பார்க்கிறார்கள். சிறிய இயந்திரம், ஐந்து பேர். காலை ஏழு மணிப் பேருந்தில் போய் இருட்டுமுன் திரும்பிவிடுகிறார். போன வாரம் ஆற்று நடுவில் ஒரு துளையில் ராடு லேசாக இறங்கிய மாதிரி இருந்தது. நிறுத்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை. "தெரியலீங்க" என்று பொறியாளரிடம் சொன்னார், "பக்கத்துல இன்னொண்ணு போட்டுப் பாத்துருலாம்." பொறியாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். தீர்த்தகிரி பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் சொல்லும் பதிலுக்காகக் காத்து நின்றார்.